மாதச் சம்பளத்துக்கு மெட்டு

கே.வி. மகாதேவன் என்ற பெயரின் முதலெழுத்து ஓர் ஊர்ப்பகுதி: நாகர்கோவில் வடசேரியை ஒட்டிய கிருஷ்ணன்கோவில். 1918 மார்ச் 14 அன்று அங்கே பிறந்தவர், அந்த எழுத்தைத் தமிழ், தெலுங்குப் படங்களின் எழுத்தோட்டங்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்து சென்றார். திரையில் அவர் பெயர் வருவதற்கு முன் வேறொரு பெயர் வந்துவிடும். மாடர்ன் தியேட்டர்ஸ், தேவர் பிலிம்ஸ் என்று அது ஒரு கம்பெனியின் பெயராக இருக்கும். மெட்டுப் போட்டவரின் பெயர் கம்பெனியின் பெயருக்குக் கீழேதான்.

ஒரு நிறுவனத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அதற்கு மட்டும் மெட்டுப் போடும் இசையமைப்பாளரைப் பற்றி நம்மிடம் இரண்டு எண்ணங்கள் உண்டு. சம்பளக்காரர், ஆகவே சுதந்திரம் இல்லாதவர் என்பது ஒன்று. மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும், ஆகவே நிம்மதியானவர் என்பது மற்றொன்று. இரண்டையும் சோதித்துப் பார்க்க நாஞ்சில் நாடும் அதைச் சுற்றிய பழைய தென் திருவிதாங்கூரும் நல்ல இடங்கள். கோயில், அரண்மனை, நாடகக் கம்பெனி, சினிமா ஸ்டுடியோ, வானொலி நிலையம் ஆகிய ஐந்து எசமானர்களுக்கும் இந்தச் சிறு நிலப்பகுதி பாட்டுக்காரர்களை அனுப்பியிருக்கிறது.

அரண்மனையும் கோயிலும்

சினிமா வருவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே இசை ஓர் உத்தியோகம். 1795இல் திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. தலைநகரம் போனாலும் நவராத்திரி இந்த மண்ணைவிட்டுப் போகவில்லை. பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இன்றும் ஆண்டுதோறும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போய்த் திரும்புகிறார்கள். அங்குள்ள நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி தொடங்குவதற்கு முன் தோடய மங்களம் பாடுகிறவர்கள் முல்லமூடு பாகவதர்கள். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன பாட்டு என்று விதிக்கப்பட்ட பரம்பரை ஊழியம் அவர்களுடையது.

1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவை வரவழைத்துத் தம் அவையில் வைத்துக்கொண்டார். தந்தத்தால் ஆன வயலின் ஒன்றையும் அவருக்குப் பரிசளித்தார். பரிசு வித்துவானின் கையில் இருந்தாலும் அதன் புகழ் அரண்மனைக்குப் போயிற்று. அன்றைய ஆதரவின் கணக்கு அப்படி.

இதற்கு முந்தைய நூற்றாண்டில் ஐரோப்பாவும் வேறு மாதிரி நடக்கவில்லை. 1761இல் எஸ்டர்ஹாசி இளவரசரிடம் வேலைக்குச் சேர்ந்த ஹைடன் அரண்மனைப் பணியாளரின் சீருடை அணிய வேண்டியிருந்தது. இளவரசர் கேட்கும் இசையை எழுதித் தர வேண்டும், அதைப் பிறருக்கு நகல் கொடுக்கக் கூடாது, அனுமதியின்றி வேறு யாருக்கும் எழுதக் கூடாது என்பவை ஒப்பந்தத்தின் நிபந்தனைகள். இந்தத் தடை 1779இல் போட்ட புதிய ஒப்பந்தத்தில்தான் நீங்கியது. அந்த 18 ஆண்டுகளில் அவர் எழுதியவை இளவரசரின் சொத்து. கேட்பவருக்கோ அவை ஹைடனின் இசை.

எசமானே இல்லாமல் பாடியவரும் நம்மூரில் உண்டு. நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் 1839இல் பிறந்த நீலகண்ட சிவன் சிறிது காலம் அரசு வேலையில் இருந்தார். அந்த வேலைக்கும் அவருடைய கீர்த்தனைகளுக்கும் தொடர்பில்லை. சோறு ஒரு பக்கத்திலும் பாட்டு இன்னொரு பக்கத்திலும் நின்றன. அவரை ஆதர்சமாகக் கொண்ட பாபநாசம் சிவன் பிற்காலத்தில் சினிமாக் கம்பெனிகளுக்குப் பாட்டெழுதி மெட்டமைக்க நேர்ந்தது. ஒரு தலைமுறைக்குள் பாட்டுக்கு எசமான் வந்துவிட்டார்.

வாத்தியாரும் அண்ணாவியும்

அரண்மனைக்கும் ஸ்டுடியோவுக்கும் நடுவே இருந்தது நாடகக் கம்பெனி. தமிழில் 'கம்பெனி' என்ற சொல்லுக்குப் பாட்டின் வாசம் ஏறியது அங்கேதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். மகாதேவன் பிறந்த ஆண்டும் அதுவே. கம்பெனியில் 'வாத்தியார்' என்றால் நாடகம் எழுதுபவர், பாட்டுக் கட்டுபவர், மெட்டுச் சொல்லித் தருபவர், பிழை வந்தால் பையனின் காதைத் திருகுபவர் எல்லாம் ஒருவரே. இன்றைய சொல்லில் அவர் அந்த நிறுவனத்தின் நிரந்தர இசையமைப்பாளர். டி.கே.எஸ். சகோதரர்கள் இந்தச் சபையில்தான் வளர்ந்தார்கள். பின்னர் அவர்கள் சொந்தமாக நடத்திய கம்பெனியில் நடித்துப் பெயர் பெற்றவர் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன். கம்பெனி வீட்டுச் சாப்பாடும் பாயும் விடியற்காலைப் பாட்டுப் பயிற்சியும் எப்படி இருந்தன என்பதை டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' விரிவாகச் சொல்கிறது.

தென்மாவட்டங்களில் இதே வாத்தியாருக்கு 'அண்ணாவி' என்று பெயர். மகாதேவனின் பாட்டனார் திருவிதாங்கூர் அரண்மனையோடு தொடர்புள்ள பாகவதர். தந்தை வெங்கடாசல பாகவதர் கோட்டுவாத்தியக் கலைஞர். பையன் பூதப்பாண்டி அருணாசல அண்ணாவியிடம் பயின்று நாடகத்துக்குப் போனான். பாட்டனார் காலத்து அரண்மனையும் பேரன் காலத்துச் சினிமாவும் ஒரே வீட்டுக்குள் மூன்று தலைமுறைகளில் கைமாறின.

நாடகக் கம்பெனி கற்றுத்தந்த முக்கியமான பாடம் ஒன்று உண்டு. அங்கே முதலில் வருவது சொல். காட்சிக்கு வேண்டிய வசனமும் பாட்டும் தயாராகிவிடும். அதைப் பாடப்போகும் பையனின் தொண்டைக்கும் கதாபாத்திரத்தின் நிலைக்கும் பொருந்த மெட்டு அமைய வேண்டும். தனக்குப் பிடித்த ராகத்தை வைத்துக்கொண்டு சொல்லுக்காகக் காத்திருக்கும் வசதி கம்பெனி வாத்தியாருக்குக் கிடையாது. இந்தப் பாடத்தை மகாதேவன் கடைசிவரை விடவில்லை. பாட்டெழுதி வந்த பிறகே மெட்டுப் போடுவது அவருடைய வழக்கம்.

ஸ்டுடியோவின் நான்கு சுவருக்குள்

1935இல் சேலத்தில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு தொழிற்சாலை போல இயங்கியது. கதை இலாகா, ஒலிப்பதிவு, வாத்தியக் குழு எல்லாம் ஒரே மதிலுக்குள். எழுத்தாளருக்கும் மாதச் சம்பளம், நடிகருக்கும் மாதச் சம்பளம். பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் நாடகத்தை அந்த நிறுவனம் 1942இல் 'மனோன்மணி' என்று படமாக்கியபோது, டி.ஏ. கல்யாணத்துக்குத் துணையாக இருந்து மகாதேவன் திரையிசைக்குள் நுழைந்தார். சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். நாஞ்சில் நாட்டுப் பையன் சேலத்துக்குப் போய்த் தொட்ட முதல் படமும் திருவிதாங்கூரோடு தொடர்புடையதாக அமைந்தது.

நிறுவன இசையமைப்பாளர் என்பதற்குத் தமிழில் மிகத் துல்லியமான உதாரணம் ஏவி.எம்.மின் ஆர். சுதர்சனம். ஏ.வி. மெய்யப்பன் முதலில் சினிமாக்காரர் அல்லர், சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர். பாட்டை ஒரு சரக்காக எண்ணிப் பழகிய கம்பெனி அது. காரைக்குடியில் எடுத்து 1947இல் வெளியிட்ட 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்களுக்கு இசையமைத்தவர் சுதர்சனம். அப்பாடல்களை ஒலிவடிவில் பயன்படுத்தும் உரிமை அப்போது மெய்யப்பனிடம் இருந்தது. அரசு கேட்டபோது 1949இல் அதைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். தேசத்தின் மகாகவி எழுதிய பாட்டும் அதுவரை ஒரு கம்பெனியின் பத்திரத்துக்குள் இருந்தது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம்.

'வாழ்க்கை', 'பராசக்தி', 'களத்தூர் கண்ணம்மா' என்று சுதர்சனத்தின் பட்டியல் ஏவி.எம்.மின் பட்டியலோடு ஒட்டியே நடக்கிறது. இப்படிப்பட்ட வேலையில் வசதிகள் பல. நாள்தோறும் அதே வாத்தியக்காரர்கள் வருவார்கள். யாருடைய வில் எந்த இடத்தில் இழையும், யாருடைய மூச்சு எந்த ஸ்வரத்தில் தளரும் என்பதெல்லாம் இசையமைப்பாளருக்குத் தெரியும். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்த காலத்தில் இந்தப் பழக்கத்துக்கு விலையே கிடையாது. ஒரு மெட்டு முதலாளிக்குப் பிடிக்கவில்லையென்றால் மறுநாள் காலை மீண்டும் ஆர்மோனியத்தைத் திறக்கலாம். அதற்காக அந்த மாத வருமானம் குறையாது.

கம்பெனி எடுத்துக்கொண்டது எது என்று கேட்டால், ஏவி.எம். 1954இல் எடுத்த 'அந்த நாள்' படத்தைப் பார்க்கலாம். எஸ். பாலச்சந்தர் இயக்கிய அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. பின்னணி இசை உண்டு. அந்த இசைக்கு உரியதாக எழுத்தோட்டத்தில் வந்தது 'சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா' என்ற பெயர். மனிதரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கடையின் பெயர் இருந்தது.

பெயர் வேறு வழிகளிலும் இடம் மாறும். கோவையில் ஜுபிடர் கம்பெனியில் எடுபிடி வேலை பார்த்த இளைஞர் எம்.எஸ். விஸ்வநாதன். அங்கே இசைத்துறைக்குத் தலைவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. இளைஞர் ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்த மெட்டு ஒன்று 'அபிமன்யு' படத்துக்குப் பயன்பட்டது. நாயுடு அதைத் தம் பெயரிலேயே வெளிவரவிட்டார் என்றும், கம்பெனி கோவையைக் காலிசெய்த நேரத்தில் முதலாளியிடம் உண்மையைச் சொல்லி இளைஞரைச் சென்னைக்கு அழைத்துப்போகச் சொன்னார் என்றும் திரையுலகில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். நாயுடுவின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே இந்தக் கதை சொல்லப்படுகிறது. அந்தப் பெருந்தன்மை தேவைப்படும்படி இருந்ததே கம்பெனியின் ஏற்பாடு என்பதையும் இதே கதை காட்டுகிறது. துறைக்குள் பிறக்கிற மெட்டெல்லாம் துறைத்தலைவருக்கு, அவர் வழியாகக் கம்பெனிக்கு.

மெரிலாண்டின் மூன்று தென்னாட்டார்

நாகர்கோவிலிலிருந்து சென்னையும் சேலமும் தூரம், திருவனந்தபுரம் பக்கம். அங்கே நேமத்தில் 1951இல் மெரிலாண்ட் ஸ்டுடியோவைத் தொடங்கிய பி. சுப்பிரமணியம் நாகர்கோவிலில் பிறந்தவர். அவருடைய நீலா புரொடக்ஷன்ஸ் படங்களுக்கு 1952இல் வந்த 'ஆத்மசகி' முதல் பத்தாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் இசையமைத்தவர் பிரதர் லட்சுமணன். மலையாளத் திரையின் முதல் நிறுவன இசையமைப்பாளர்களில் ஒருவராக அவரைச் சொல்லலாம்.

அவருக்குச் சொல் கொடுத்தவர் திருநயினார்குறிச்சி மாதவன் நாயர். அவர் பெயரிலுள்ள ஊர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பிழைப்புக்கு அவர் பார்த்தது திருவனந்தபுரம் வானொலி நிலையத்தில் வேலை. குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கமுகறை புருஷோத்தமன், திருவட்டாறுக்காரர், பள்ளி ஆசிரியர். 1955இல் மெரிலாண்ட் 'ஹரிச்சந்திரா' எடுத்தபோது, சுடுகாட்டில் நிற்கும் அரசனுக்காக இந்த மூவரும் சேர்ந்து உருவாக்கிய பாட்டைக் கேரளத்தில் இன்றும் முணுமுணுக்காதவர் குறைவு. மறு ஆண்டு நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. மலையாளத்தின் பெயர்பெற்ற திரைக்கவி ஒருவரின் ஊரும் பாடகர் ஒருவரின் ஊரும் மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டன. வேலை அந்தப் பக்கமே இருந்தது.

ஸ்டுடியோவின் கணக்கு இங்கே பளிச்சென்று தெரிகிறது. வானொலி ஊழியரும் பள்ளி ஆசிரியரும் தத்தம் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டே பாட்டுக்கு வந்தார்கள். ஸ்டுடியோவையே நம்பி இருந்தவர் இசையமைப்பாளர். 1960களின் நடுவில் மெரிலாண்ட் பாபுராஜ், தேவராஜன் எனப் படத்துக்கு ஒருவரைத் தேடத் தொடங்கியதும் அந்த நம்பிக்கை அறுந்தது. ஏவி.எம்.மும் அதே ஆண்டுகளில் விஸ்வநாதன், ராமமூர்த்தி பக்கம் திரும்பியது. ரசிகர்கள் இசையமைப்பாளரின் பெயரைப் பார்த்துத் தியேட்டருக்கு வரத் தொடங்கியதும், மாதச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வது கம்பெனிக்கு லாபமாகத் தெரியவில்லை.

சம்பளம் இல்லாத கம்பெனி ஆள்

மகாதேவன் இந்த மாற்றத்தைத் தாண்டி நின்றவர். எந்த ஒரு கம்பெனியிலும் ஆயுள் முழுக்க மாதச் சம்பளத்துக்கு அமரவில்லை. அப்படியிருந்தும் அவரிடம் இருந்தது கம்பெனி வாத்தியாரின் மனம். சாண்டோ சின்னப்பா தேவர் 1956 முதல் 1972 வரை எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த 16 படங்களுக்கும் இசை அவரே. தேவர் வேகத்துக்குப் பெயர் போனவர். பூஜை போடும் அன்றே வெளியீட்டு நாளை அறிவிக்கிற தயாரிப்பாளருக்கு, இன்றைக்கு மனம் கூடவில்லை என்று சொல்கிற இசையமைப்பாளர் உதவமாட்டார். எழுதிய தாள் வந்தால் மெட்டுத் தயாராகும் என்ற நாடகக் கம்பெனிப் பழக்கம் அங்கே கைகொடுத்தது. பக்கத்தில் எப்போதும் உதவியாளர் புகழேந்தி. இவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு நடமாடும் இசை இலாகா போல இயங்கினார்கள். கட்டடம்தான் இல்லை. திரையுலகம் அவரை 'மாமா' என்று அழைத்தது. முதலாளியையும் மேலாளரையும் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

இயக்குநர் ஏ.பி. நாகராஜனோடு சேர்ந்தபோது இன்னொரு விஷயம் நடந்தது. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் பாணபத்திரர் கதை வருகிறது. பாண்டியன் அவையில் பாடிப் பிழைப்பவர் அவர். வெளியூரிலிருந்து ஹேமநாத பாகவதர் பரிவாரத்தோடு வந்து சவால் விட, பாணபத்திரர் நடுங்குகிறார். தோற்றால் நாட்டின் மானமும் அவருடைய உத்தியோகமும் சேர்ந்து போகும். ஹேமநாதருக்காகப் பாலமுரளிகிருஷ்ணா பாடியது ராகங்களை அடுக்கிக் காட்டும் ராகமாலிகை. விறகு சுமக்கும் சிவனுக்காக டி.எம். சௌந்தரராஜன் பாடியது கௌரிமனோகரி. இந்த இரண்டையும் அமைத்தவர் அரண்மனைப் பாகவதரின் பேரன். அவையில் சம்பளம் வாங்கும் பாடகனுக்கு வரும் அச்சத்தை அந்த வீடு அறிந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரத்தை மையமாக வைத்து ஒரு படம் முழுக்க இசை அமைக்க வேண்டியிருந்தது. இசையமைப்பாளர் முன்னால் வந்து நின்றால் படம் கெட்டுவிடும். மகாதேவன் பின்னால் நின்றார். இதையெல்லாம் அடிமைப் புத்தி என்று சொல்லிவிட முடியாது. சிறந்த இசையமைப்புக்கான தேசிய விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, 'கந்தன் கருணை' படத்துக்காக அதை வாங்கியவர் அவர். பின்னர் தெலுங்கு 'சங்கராபரணம்' அவருக்கு இரண்டாவது தேசிய விருதைத் தந்தது.

நிலைய வித்துவான்

இந்த உத்தியோகத்துக்குத் தமிழில் உள்ள மிக அழகான பெயர் வானொலி தந்தது: நிலைய வித்துவான். அரசு சம்பளம், பணிமூப்பு, ஓய்வுக் காலம் என்று எழுத்தருக்கு உள்ளதெல்லாம் வீணைக்காரருக்கும் வந்தது. ஜெமினி ஸ்டுடியோவில் இருந்த வீணை மேதை ஈமனி சங்கர சாஸ்திரி பிற்பாடு அகில இந்திய வானொலிக்குப் போய் டில்லியில் 'வாத்திய விருந்தா' என்னும் வாத்தியக் குழுவை நடத்தினார். 1943இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கி, 1950இல் அகில இந்திய வானொலியோடு சேர்ந்த திருவனந்தபுரம் நிலையத்தில் எம்.ஜி. ராதாகிருஷ்ணன் தம்புராக் கலைஞராகச் சேர்ந்து, மெல்லிசை கற்றுத்தரும் நிகழ்ச்சியால் வீடு வீடாக அறியப்பட்டார். அவருக்குச் சினிமா இரண்டாவது வேலை.

1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலிலேயே ஒரு வானொலி நிலையம் வந்தது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. ஸ்டுடியோக்களின் வாத்தியக் குழுக்கள் கலைந்துகொண்டிருந்த காலத்தில், இசைக்காக ஒரு கதவு மாவட்டத்துக்குள்ளேயே திறந்தது. நிலைய வித்துவான் பதவி அழகு குறையாத சொல்லாக இன்றும் இருக்கிறது. அந்த நாற்காலிகளின் எண்ணிக்கைதான் வானொலியெங்கும் குறைந்துகொண்டே போகிறது.

பாட்டு யாருடையது?

இனி, தொடக்கத்தில் சொன்ன இரண்டு எண்ணங்களைச் சட்டத்தில் உரசிப் பார்க்கலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேலையின் பகுதியாக ஊழியர் படைப்பதன் முதல் உரிமை முதலாளிக்கே. ஆக, சுதர்சனத்தைப் போன்றவர் போட்ட மெட்டு கம்பெனிக்குப் போவதில் வியப்பில்லை. சம்பளம் வாங்காமல் படத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டவர் நிலை? 1977இல் உச்ச நீதிமன்றம், இசை உரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் இதற்கு விடை சொன்னது: பணம் கொடுத்துப் படத்துக்காக இசையை எழுத வைத்தவர் தயாரிப்பாளர் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவரே உரிமையாளர்.

மாதச் சம்பளத்துக்கு மெட்டுப் போட்டவரும் படக்கூலிக்கு மெட்டுப் போட்டவரும் நீதிமன்றத்தில் ஒரே வரிசையில் நின்றார்கள். இருவரிடமும் பாட்டு இல்லை. ஒருவரிடம் மாதக் கடைசி உறுதியாக இருந்தது, மற்றவரிடம் அதுவும் இல்லை. சுதந்திரம் என்று நாம் கொண்டாடியதில் பெரும்பகுதி பேரம் பேசும் சுதந்திரம். அது பெயர் பெற்றவருக்கே கிடைக்கும், அதுவும் அவர் கொடி பறக்கும் சில ஆண்டுகளுக்கு மட்டும்.

இந்தக் கணக்கைத் திருத்தியது 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தாலும், படத்தோடு சேர்ந்து திரையரங்கில் ஓடுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் வரும் உரிமைத்தொகையில் சமபங்கைக் கைவிட முடியாது என்றது அது. இனி வரும் ஹைடன் சீருடை அணிந்தாலும் நகலுக்குரிய பங்கு அவருடையது. அச்சட்டம் 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. மகாதேவன் இறந்தது 2001 ஜூன் 21. சரியாகப் பதினோரு ஆண்டுகள் பிந்திவிட்டது.

சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. இசைப் படைப்பின் பதிப்புரிமை யார் கையில் இருந்தாலும், அதன் ஆயுள் இசையமைப்பாளரின் இறப்பிலிருந்துதான் எண்ணப்படுகிறது: அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். மகாதேவனின் மெட்டுகளை இன்று எந்தக் கம்பெனி வைத்திருந்தாலும், அந்த உரிமை 2061 டிசம்பர் முடிய நிற்கும், பிறகு பொதுவாகிவிடும். கம்பெனிகள் கைமாறலாம், மூடப்படலாம், வேறு பெயரில் திறக்கலாம். அந்த மெட்டுகளைக் கையில் வைத்திருப்பவர் தம் உரிமை எதுவரை என்று தெரிந்துகொள்ள விரும்பினால், கிருஷ்ணன்கோவிலில் பிறந்த ஒரு மனிதர் எந்த ஆண்டில் இறந்தார் என்பதைத்தான் பார்த்தாக வேண்டும்.